மெதுவாக ஓடும் லேப்டாப் வேண்டும்

அந்த நாலு மாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லெவல்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வந்து நின்றதும் அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். ஒரு நூல் தூக்கியிருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். "லெவல் சரியில்லையே" என்று முனகிக்கொண்டு மறுபடி மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறிவிடுவார். முப்பது வருஷமாக இதையே சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

கால் விரலுக்கு இவ்வளவு ஞானத்தைக் கொடுத்த கடவுள் காதை மறந்துவிட்டார். தாளத்துக்கும் லெவல்காரருக்கும் ஏழாம் பொருத்தம். நூறு பேர் சேர்ந்து கை தட்டும் இடத்தில் நூற்றோராவதாக ஒரு தட்டு தனியாகக் கேட்டால் அது அவருடையது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பாடித் தூங்க வைக்கப் போவார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்துவிடும்.

அவர் மனைவி அப்படியே நேர் எதிர். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் டைப்பிஸ்டம்மா. வக்கீல் பேசி முடிப்பதற்குள் இந்த அம்மா அடித்து முடித்திருப்பார் என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு ரேடியோவில் என்ன ஓடுகிறதோ அதைச் சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வருஷக் கடைசியில், விடுமுறைக்குக் கட்டடத்தை அலங்கரிக்கிறேன் பேர்வழி என்று குடியிருப்புச் சங்கம் மூட்டை மூட்டையாகச் சரவிளக்கு வாங்கிவிட்டது. அதையெல்லாம் தொங்கவிட்டால் ஒரே கண்றாவி, ஆளுக்கொரு பக்கம் மினுக்கியது. லெவல்காரர் கழித்துப் போட்ட லிஃப்ட் பலகையிலிருந்து மின்சாரத்தைத் தானாகப் போட்டு அணைக்கும் பதினாறு ரிலேக்களைப் பிடுங்கி ஒரு பெட்டி செய்தார். பதினாறு சரத்தையும் அதில் மாட்டி, பெட்டியை வீட்டு லேப்டாப்பில் செருகினார். இதற்கென்று ஒரு புரோகிராம் உண்டு. பாட்டை ஓடவிட்டுக் கூடவே விசைகளைத் தட்டினால், எந்த நொடியில் எந்தச் சரம் எரிய வேண்டும் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பாட்டைப் போட்டால் விளக்கெல்லாம் அதன்படி ஆடும். லெவல்காரர் ஒரு மணி நேரம் தட்டினார். போட்டுப் பார்த்தால் கட்டடத்தில் மின்கசிவு என்று கீழ்வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார்.

"நகருங்க" என்றார் டைப்பிஸ்டம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.

அன்று உட்கார்ந்தவர்தான். அதன் பிறகு வருஷா வருஷம் நாலு பாட்டுக்கும் தட்டியது அவர் விரல்கள்தான். பல்லவிக்குப் பால்கனிகள், தாளத்துக்குப் படிக்கட்டுச் சன்னல்கள், முடிவில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழுவதும். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் சாயங்காலம் ஆறரைக்கே நாற்காலியோடு வந்து முற்றத்தில் இடம் பிடித்துவிடுவார்கள்.

ஒத்திகையன்று லெவல்காரர் கேட்பார், "நல்லா இருக்கா?"

"மூணாவது மாடி லேட்டு."

சரி செய்வார்கள். "இப்ப?"

"படிக்கட்டு முந்துது. உங்க ரிலேயைப் பாருங்க."

எல்லாம் பார்த்து, எல்லாம் மாற்றி, கடைசியில் ஒரு வார்த்தை வரும். "மோசமில்லை." அந்த அம்மாவிடம் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. நல்லா இருக்கு என்று அவர் எதையும் சொல்லி லெவல்காரர் கேட்டதில்லை. கல்யாணப் புடவையையே மோசமில்லை என்றவர்.

லேப்டாப்புக்கும் பெயர் வைத்திருந்தார், சோம்பேறி என்று. சுவிட்சைப் போட்டால் அது கண் விழிப்பதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அந்த அம்மாவே அடித்தது. 'மூடியை மூடக் கூடாது. நெட்டைத் துண்டிக்கவும். திரை தூங்கக் கூடாது. பெட்டியின் வயரை ஆட்டக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், மூடியை மூடக் கூடாது. உங்களுக்குத்தான்.' காரணம் இருக்கிறது. தூசி விழும் என்று மூடியைச் சாத்துவது லெவல்காரரின் கைப்பழக்கம். சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், பாட்டும் விளக்கும் பாதியில் நின்றுவிடும். முதல் இரண்டு வருஷமும் அத்தனை கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்துவிட்டுப் பேய் முழி முழித்தார். மூன்றாவது மாடியில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து டைப்பிஸ்டம்மா போட்ட சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. சனங்கள் விளக்கைவிட அதைத்தான் ரொம்ப ரசித்தார்கள்.

போன ஏப்ரலில் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சில் மிஞ்சியது கையளவு வார்த்தைகள். தண்ணி, போதும், விடு, இப்படி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், "அவங்களுக்குப் பிடிச்சதைக் காட்டிக்கிட்டே இருங்க. எது திரும்பும், எது திரும்பாதுன்னு இப்ப சொல்ல முடியாது."

பிடித்தது என்றால் எது? லெவல்காரர் யோசித்துப் பார்த்தார். அவளுக்குப் பிடித்தது தப்பு கண்டுபிடிப்பது. ஏப்ரலுக்குப் பிறகு வீட்டில் அதற்கு ஆளில்லை. உப்பில்லாமல் சமைத்துப் போட்டார், பேசாமல் சாப்பிட்டார் அந்த அம்மா. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு எதிரே போய் நின்றார், கண்கள் அவரைத் தாண்டி சன்னலுக்குப் போயின. ஒரு திட்டு, ஒரே ஒரு திட்டு கிடைக்காதா என்று ஒரு மனுஷன் ஏங்குவதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. விளக்கு வரட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். அவள் விரல் தட்டிய விளக்கு, அவள் சொன்ன நொடியில் எரிந்தால், உள்ளே எங்கேயோ தூங்குகிறவள் எழுந்து 'மூணாவது மாடி லேட்டு' என்பாள்.

அக்டோபரில் கட்டிலுக்கடியிலிருந்து சோம்பேறியை எடுத்தார். அடிவயிறு பலூனாக வீங்கிக் கிடந்தது. சுவிட்சைப் போட்டால் மூச்சுப் பேச்சு இல்லை. நல்லவேளை, நாலு பாட்டும் தட்டல் கணக்கும் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. லேப்டாப்தானே, ஒன்று வாங்கினால் போகிறது என்று நினைத்தார்.

வெளியூரில் இருக்கும் மகள் ஒன்றை ஆர்டர் செய்து அனுப்பினாள். பார்க்க அப்பளம் மாதிரி மெல்லிசாக இருந்தது. பெட்டியின் வயரைச் செருகலாம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஓட்டையே இல்லை. எறும்பு நுழைகிற மாதிரி இரண்டு இருந்தன.

"அதுக்கு ஒரு கனெக்டர் இருக்குப்பா, வாங்கிக்குங்க."

கனெக்டர் வாங்கி மாட்டினார். ரிலேக்கள் குளிர் ஜுரம் வந்ததுபோல் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டன. அதைத் திருப்பி அனுப்பினார். சோம்பேறியின் மூடியிலிருந்து தாளைப் பதமாக உரித்தெடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் வயரையும் கையில் சுருட்டிக்கொண்டு தானே கடைக்குக் கிளம்பினார்.

கடையில் ஒரு பெண் வந்து நின்றாள். "என்ன யூஸுக்கு சார்?"

"லைட் எரியணும்மா."

"இருக்கு சார். இந்த மாடல்ல கீபோர்டு ஏழு கலர்ல எரியும்."

"கீபோர்டு இல்லம்மா. கட்டடம்."

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். லெவல்காரர் தாளை எடுத்து நீட்டினார். அவள் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இது யாரு சார் எழுதினது?"

"வீட்டுல."

பாவம், நல்ல பெண். வயரை வாங்கி ஒவ்வொரு லேப்டாப்பிலும் செருகிச் செருகிப் பார்த்தாள். கடைசியில் செங்கல் கனத்தில் ஒன்று அகப்பட்டது. ஓட்டைகள் எல்லாம் சரி, ஸ்பீக்கர் வயருக்கும் இடம் இருந்தது. "கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஆன் ஆயிடும் சார், அவ்ளோ ஃபாஸ்ட்" என்றாள். லெவல்காரர் சந்தோஷமாக வாங்கி வந்தார்.

ஒத்திகையை வீட்டில் வைக்கவில்லை. தப்பாக எதுவும் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. மோட்டார் அறையில் ஒரு பலகையில் பதினாறு பல்பை வரிசையாகப் பொருத்தினார், சரத்துக்கு ஒன்றாக. பாட்டைப் போட்டார். எல்லாம் பளிச் பளிச் என்று எரிந்தன. அவர் கண்ணுக்கு அமர்க்களமாக இருந்தது. அவர் காதை நம்ப முடியாதே, அதனால் காவல்காரரைக் கூப்பிட்டார். காவல்காரர் இளவயதில் பேண்டு கோஷ்டியில் டிரம் அடித்தவர்.

காவல்காரர் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அண்ணே, விளக்கு முன்னாடி ஓடுது. பாட்டு பின்னாடி மூச்சு வாங்கிட்டு வருது."

"எவ்வளவு முன்னாடி?"

"மொதல்ல கொஞ்சம். போகப் போக ரொம்ப."

லிஃப்ட் கதவுக்கு வைத்திருக்கும் ஸ்டாப் வாட்சை எடுத்து, காவல்காரரைத் தாளம் விழும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லி அளந்தார். பாட்டின் ஆரம்பத்தில் அரை நொடி. முடிவில் ஏறக்குறைய இரண்டு நொடி. புரோகிராமில் எல்லா விளக்கையும் அரை நொடி தள்ளிப் போட்டார், ஆரம்பம் சரியானது, முடிவு கெட்டது. முடிவுக்குத் தக்கபடி தள்ளினார், ஆரம்பம் கெட்டது. நடுவில் எங்கேயாவது வைத்தால் இரண்டு பக்கமும் கெட்டது. லிஃப்ட் ஒரு மாடியில் மட்டம் தப்பினால் சரி செய்யலாம், மாடிக்கு மாடி வேறு அளவில் தப்பினால் என்ன செய்வது?

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் அவள் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "நீயே தாளத்துக்கு முன்னாடி தட்டறியாம், கீழ்வீட்டுக்காரர் சொல்றாரு, காவல்காரன் காதுல விழுந்தா சிரிப்பான்" என்று கேலி செய்தார். அவள் நிமிராமலே சொன்னாள், "இந்தச் சோம்பேறிக்கு முன்கூட்டியே சொன்னாத்தான் நேரத்துக்கு எந்திரிக்கும். பாட்டு பாதி போச்சுன்னா இன்னும் தூங்கி வழியும். இன்னும் முன்னாடி சொல்லணும்."

ஸ்டாப் வாட்ச் கையில் இருக்க, பலகைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷமாக அவள் விரல் பாட்டுக்கு மட்டும் தட்டவில்லை. பாட்டுக்கும் சேர்த்து அந்தச் சோம்பேறியின் குணத்துக்கும் தட்டியிருக்கிறது. எந்த இடத்தில் அது திணறும், எந்த இடத்தில் சுதாரித்துக்கொள்ளும் என்று அத்தனையும் தெரிந்து வைத்துத் தட்டியிருக்கிறது. அந்தச் சோம்பேறி இல்லாவிட்டால் அவள் தட்டியது எல்லாம் தப்பு. அவளிடம் தப்பே இல்லை, ஆனாலும் எல்லாம் தப்பு.

மகள் போனில் சொன்னாள், "யாரையாவது வெச்சுப் புதுசா தட்டிக்கலாமேப்பா. நானே தட்டுவேன், ஆனா எனக்கும் உங்க காதாச்சே."

"வேற ஆள் தட்டினா அது அம்மாவோடது இல்லம்மா."

"அம்மாவுக்கு அது தெரியுமாப்பா?"

"தெரியாம?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. பழைய லேப்டாப் ரிப்பேர் செய்கிற கடைக்குப் போய் நின்றார். "சோம்பேறி மாதிரியே ஒண்ணு வேணும்" என்று செத்துப்போன லேப்டாப்பைக் காட்டினார். ரிப்பேர்காரர் மூன்று நாளில் அதே மாடல் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தந்தார். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். உள்ளேயும் எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார். எடுத்துப்போய்ப் பலகையில் மாட்டினால் சிட்டாய்ப் பறந்தது. லெவல்காரர் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது வேகமா ஓடுதுங்க."

"அப்படித்தானே சார் ஓடணும்?"

"மெதுவா ஓடணும். கொஞ்சம் கெடுத்துக் குடுங்க."

ரிப்பேர்காரர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். சரி பண்ணுங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் கெடுக்கச் சொல்றீங்க."

ஆனாலும் மனுஷன் செய்தார். மெமரியில் பாதியைக் கழற்றினார். பின்னணியில் இரண்டு வீடியோ சத்தமில்லாமல் ஓடும்படி வைத்தார். பலகையில் போட்டபோது காவல்காரர் ஒரு பாட்டுக்குத் தலையை ஆட்டினார், அடுத்த பாட்டுக்கு உதட்டைப் பிதுக்கினார். முதல் பாட்டு அனேகமாகச் சரி. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதும் நான்காவதும் கால் தடுக்கி விழுந்தன. ஒரு வீடியோவை எடுத்தார், மூன்றைப் போட்டார், வேறு வீடியோ மாற்றினார். சோம்பேறித்தனம் வந்தது. அந்தச் சோம்பேறியின் சோம்பேறித்தனம் வரவில்லை. செத்துப்போன லேப்டாப்புக்குள் மகளின் பள்ளிக்கூடப் படங்களும், டைப்பிஸ்டம்மா அழிக்காமல் விட்ட ஆயிரம் கடிதங்களும், பாதியில் நின்ற என்னென்னவோ புரோகிராம்களும் இருந்தன. அதையெல்லாம் எந்தக் கடையில் போய் வாங்குவது?

விடுமுறை வந்துவிட்டது. விளக்கு உண்டா இல்லையா என்று சங்கத்தில் கேட்டார்கள். உண்டு என்றார். புதுச் செங்கலையும் பழைய மாடலையும் பலகைக்கு இரண்டு பக்கமும் வைத்து, மோட்டார் அறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செங்கல் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி தப்பு. பழசு ஒன்றரைப் பாட்டு சரி, மிச்சம் இப்படி அப்படி.

"பழசே இருக்கட்டும் அண்ணே" என்றார் காவல்காரர். "கூட்டத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒருத்தருக்குத் தெரியும்."

காவல்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பழைய மாடலை வீட்டுச் சன்னலோர மேசையில் வைத்தார். தாளை அதன் மூடியில் ஒட்டினார். டைப்பிஸ்டம்மாவுக்குத் தலை வாரி, சால்வை போர்த்தி, சக்கர நாற்காலியைச் சன்னலுக்குப் பக்கத்தில் தள்ளி வந்தார். அங்கிருந்து முற்றமும், எதிர்ப்பக்கப் பால்கனிகளும், படிக்கட்டுச் சன்னல்களும் நேராகத் தெரியும். கீழே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஆறரைக்கு விசையைத் தட்டினார்.

முதல் பாட்டு நன்றாகத்தான் போனது என்று கூட்டத்தின் கைதட்டலில் தெரிந்தது. இரண்டாவதும் ஒப்பேறியது. லெவல்காரர் விளக்கைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பும் பச்சையும் அதில் மாறி மாறி விழுந்தன. மூன்றாவது பாட்டின் நடுவில் கீழேயிருந்த காவல்காரர் சட்டென்று திரும்பி மூன்றாவது மாடியை நிமிர்ந்து பார்த்தார். போச்சு, கெட்டுவிட்டது. ஆனால் லெவல்காரர் ஆசையோடு அவள் உதட்டையே பார்த்தார். இப்போது சொல்வாள். படிக்கட்டு முந்துது என்பாள். உங்க ரிலேயைப் பாருங்க என்பாள்.

டைப்பிஸ்டம்மாவின் இடது கை மெல்ல எழுந்தது. அவர் குனிந்து காதைக் கொண்டுபோனார்.

"நல்லா," என்றார் அந்த அம்மா. அடுத்த வார்த்தைக்குக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. "நல்லா இருக்கு."

"என்னது?"

"நல்லா இருக்கு."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட வராத வார்த்தை. அவர் எதிரே கையைக் காட்டினார். "படிக்கட்டைப் பாரும்மா" என்றார். "முந்தலை? நல்லாப் பாரு, முந்துதா இல்லையா? சொல்லு, சும்மா சொல்லு."

அந்த அம்மா படிக்கட்டைப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது. தெரியாமல் சொல்கிறாளா, தெரிந்தும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொல்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. பரிதாபம் என்றால்கூடப் போதும், அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். அதை எப்படிக் கேட்பது? மூன்றாவது பாட்டு முடிந்து நான்காவது ஆரம்பித்தது. அதற்குள் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

கையை நீட்டி, மூடியை மூடினார்.

பாட்டு அறுந்தது. விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்தன. முற்றத்தில் "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது, யாரோ விசிலடித்தார்கள், பழைய ஆட்கள் சிலர் மூன்றாவது மாடியைப் பார்த்துக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். லெவல்காரரும் காத்திருந்தார். மூடியின்மேல் வைத்த கையை எடுக்காமல், அடி வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பையனைப்போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இருட்டிய முற்றத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மனைவி அதே குரலில் சொன்னார். "நல்லா இருக்கு."

கீழேயிருந்து காவல்காரர் கத்தினார், "அண்ணே! என்னாச்சு?"

லெவல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்ளே அந்தத் தாள் இருந்தது. திரை தூக்கத்திலிருந்து எழுந்திருக்க நேரம் பிடித்தது. கீழே கூட்டம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

"மூடியை மூடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" என்று அவள் சொல்ல வேண்டியதை லெவல்காரரே சொன்னார், சன்னலைப் பார்த்து, கூடியவரை சத்தமாக.

முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாட்டை முதலிலிருந்து போட்டார்.